கூரையில் ஓர் ஓட்டை... விலை 62 ஆயிரம்!

கூரையில் ஓட்டை இருந்தால் அடைக்கக் காசு. ஓட்டை இல்லாவிட்டால் போடக் காசு. சொந்த வீடு என்று ஒன்று வாய்த்தவனுக்கு இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் உண்டு. முதல் வகைக்கு ஐப்பசி மாசம் சீசன். இரண்டாவது வகைக்குப் பெயர் ஸ்கைலைட்.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ஹீரோயினின் அப்பா பெரிய பணக்காரர். ஹால் நடுவில் சோபா. மேலே கண்ணாடிக் கூரை. அதன் வழியாக வெளிச்சம் இறங்கி வந்து அவருடைய வழுக்கையில் கச்சிதமாக விழும். 'நம்ம வீட்டிலும் இப்படி ஒண்ணு போட்டா என்ன?' என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. தோன்றிய மறுநாளே ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, "எவ்வளவுப்பா ஆகும்?" என்று கேட்டுவிடுகிறோமே, அங்கேதான் ஆரம்பிக்கிறது வினை. அவர் அண்ணாந்து பார்ப்பார். சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். "அதென்ன ஸார், ஒரு பதினஞ்சுல முடிச்சுடலாம்" என்பார். அந்தப் பதினைந்து எப்படி அறுபத்திரண்டு ஆகிறது என்று பார்த்துவிடலாம்.

அதற்கு முன்னால், இந்த ஓட்டை யாருக்கு வேண்டும்?

சென்னை, மதுரை, திருச்சி என்று எந்த ஊருக்குப் போனாலும் பழைய தெருக்களில் வீடு ஒரே ஜாடைதான். அகலம் 20 அடி, நீளம் 60 அடி. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். முன்னால் ஜன்னல், பின்னால் கதவு. நடுவில் மாட்டிக்கொண்ட ஹாலுக்கும் சமையலறைக்கும் காலை பதினொரு மணிக்கும் டியூப்லைட்தான் சூரியன். கரண்ட் போனால் பட்டப்பகலில் டார்ச் தேட வேண்டும்.

தாத்தா காலத்தில் இந்தப் பிரச்னை இல்லை. கும்பகோணம் பக்கத்துத் தெரு வீட்டில் நடுவில் முற்றம். காரைக்குடிப் பக்கம் போனால் வளவு. வெயில், மழை, நிலா எல்லாம் ஓசியில் வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. அப்பா காலத்தில் முற்றத்தை மூடினார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது. மழை பெய்தால் தாழ்வாரம் முழுக்கச் சாரல், ராத்திரி திருட்டு பயம், கொசு. போதாக்குறைக்குப் பெரியவனுக்குக் கல்யாணம், ஒரு ரூம் வேண்டும். கான்க்ரீட் போட்டு அடைத்தாயிற்று. இப்போது பேரன் வந்து அதே இடத்தில் டைமண்ட் கட்டர் வைத்து ஓட்டை போடுகிறான். தாத்தாவுக்குச் சும்மா கிடைத்ததை அப்பா காசு கொடுத்து மூடினார், பேரன் அதைவிட அதிகக் காசு கொடுத்துத் திறக்கிறான்!

ஆபீஸ் போகிற நம்மைக் கேட்டால் வீட்டில் ஒன்றும் இருட்டு இல்லை. எப்படி இருக்கும்? காலை எட்டுக்குக் கிளம்பி ராத்திரி ஏழரைக்கு வருகிற ஆசாமிக்கு வீடு என்பதே டியூப்லைட்டில் பார்த்த பொருள்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூக்கம், அப்புறம் டி.வி. மிச்ச ஆறு நாளும் அந்த இருட்டில் குடித்தனம் நடத்துவது அம்மா. அல்லது மனைவி. அரிசியில் கல் பொறுக்குவதும், கீரை ஆய்வதும், சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் பிரித்தெடுப்பதும் அவர்கள்தான். கண்ணில் புரை விழ ஆரம்பித்த அறுபது வயது அம்மாவுக்குச் சமையலறை வாசலில் இருக்கும் ஒரு அங்குலப் படி தெரியாது. கால் இடறி இடுப்பெலும்பு உடைந்தால் ஆஸ்பத்திரி பில் எந்த ஸ்கைலைட்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஒரு நாள் லீவ் போடுங்கள். சினிமாவுக்குப் போகாதீர்கள். காலை பதினொரு மணிக்கு எல்லா லைட்டையும் அணைத்துவிட்டுச் சமையலறையில் பேப்பர் படித்துப் பாருங்கள். தலைப்பு மட்டும்தான் தெரிகிறது என்றால் மேற்கொண்டு படியுங்கள். சின்ன எழுத்தும் தெரிகிறதா? அந்த அறுபத்திரண்டாயிரத்தை வேறு எதற்காவது எடுத்து வையுங்கள்.

'கரண்ட் பில் மிச்சம் ஆகுமே!' என்று ஒரு வாதம் வரும். விற்கிறவர்கள் அழகாகச் சொல்வார்கள். கணக்குப் போடலாம், வாருங்கள். 20 வாட் எல்.இ.டி. டியூப், பகலில் 10 மணி நேரம். ஒரு நாளைக்கு 0.2 யூனிட். வருஷத்துக்கு 73 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 438 ரூபாய்! 62,000 ரூபாய் போட்ட முதல் திரும்பி வர 141 வருஷம் ஆகும். கொள்ளுப் பேரன் காலத்தில் லாபம் வர ஆரம்பிக்கும். ஆகவே மின்சாரத்தைக் காட்டி யாராவது ஸ்கைலைட் விற்றால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இது லாபத்துக்குப் போடுகிற சமாசாரம் இல்லை. வீட்டில் இருக்கிற மனுஷிக்குப் பகல் என்று ஒன்று இருப்பது தெரிய வேண்டும், அதற்காகப் போடுவது.

அடுத்த கேள்வி, எவ்வளவு பெரிய ஓட்டை?

நம்மவர்களுக்கு எதையும் பெரிதாகச் செய்தால்தான் திருப்தி. "போடறதுதான் போடறோம், எட்டுக்கு எட்டாப் போட்டுடுவோம்!" வேண்டாம் ஸார். டென்மார்க்கில் 1941-ல் தொடங்கிய ஒரு கம்பெனி, சாய்வுக் கூரையில் வைக்கிற ஜன்னலையே தொழிலாக வைத்து உலகம் பூரா விற்கிறது. அந்த ஊரில் கூரை வழியாக வருகிற வெயில் பிரசாதம். நம் ஊரில் தண்டனை. அந்த ஊர்ப் படத்தைப் பார்த்து இந்த ஊரில் வீடு கட்டினால் நடு ஹாலில் வடாம் காயும்.

நேர் வெயிலின் பிரகாசம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். டியூப்லைட் போட்ட ஹாலில் இருப்பது நூறு, இருநூறுதான். அதனால் சின்ன ஓட்டையே தாராளம். அறையின் தரைப் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போக வேண்டாம். 12-க்கு 20 ஹால் என்றால் 240 சதுர அடி. அதில் ஐந்து சதவீதம் 12 சதுர அடி. அதாவது 3-க்கு 4. சமையலறைக்கு 2-க்கு 2 ஏதேஷ்டம்.

சூட்டின் கணக்கையும் பார்த்துவிடுங்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் கொட்டுகிறது. 3-க்கு 4 சாதாரணக் கண்ணாடி வழியாக அதில் ஏறக்குறைய 900 வாட் உள்ளே இறங்கும். ஒரு இஸ்திரிப் பெட்டியை ஆன் பண்ணி ஹாலில் தொங்கவிட்ட மாதிரி. ஒரு டன் ஏ.ஸி. வெளியே தள்ளுவது 3,500 வாட். ஆக, ஏ.ஸி.யின் கால் பங்கு உங்கள் ஸ்கைலைட்டுக்கே போய்விடும்! எட்டுக்கு எட்டு போட்டிருந்தால் ஏ.ஸி. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கும்.

இதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே, நிழலே விழாதபடி நிற்பது வருஷத்தில் இரண்டே நாள். சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு தடவை. கன்னியாகுமரியில் ஏப்ரல் 11 வாக்கிலேயே முதல் தடவை வந்துவிடும். ஆக, நம் ஊரில் கூரைக் கண்ணாடி முழு வேகத்தில் வேலை செய்வது அக்னி நட்சத்திரத்தை ஒட்டித்தான். 'அப்போ வடக்குப் பார்த்துக் கண்ணாடி வைத்தால் வெயிலே வராதே?' என்று விவரமான நண்பர் கேட்பார். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சென்னையில் மத்தியான சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது! ஆனாலும் மேலே ஒரு சின்ன நிழல் நீட்டல் வைத்தால் அதைத் தடுத்துவிடலாம். படுத்திருக்கும் கண்ணாடிக்கு நிழல் கொடுக்க முடியாது, நிற்கும் கண்ணாடிக்குக் கொடுக்கலாம். அந்த வகையில் வடக்கு நல்லதுதான்.

சரி, பில்லுக்கு வருவோம்.

ஏற்கெனவே கட்டி முடித்த கான்க்ரீட் கூரை. 5 அங்குல கனம். 3-க்கு 4 ஓட்டை. சென்னைப் புறநகரில் நாலு பேரை விசாரித்தால் சொல்லக்கூடிய தோராய விலை இது. உங்கள் ஊரில் ஆயிரம், ரெண்டாயிரம் முன்னே பின்னே இருக்கும். ஜி.எஸ்.டி. கேட்பவர் கேட்பார், கேட்காதவர் பில் தர மாட்டார்.

கண்ணாடி என்னவோ எட்டாயிரம்தான். லாமினேட் பண்ணின கனமான கண்ணாடி, சதுர அடி 500 ரூபாய் போல. விளிம்பு வெளியே நீட்ட வேண்டும் என்பதால் 12 சதுர அடி ஓட்டைக்கு 16 சதுர அடி கண்ணாடி வாங்க வேண்டும். எல்லாரும் இதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். "அட, எட்டாயிரம்தானா?" என்று சந்தோஷப்படுகிறார்கள். அதோடு சந்தோஷம் முடிகிறது.

மெஷின் வைத்து கான்க்ரீட்டை அறுக்க 12,000. கீழே முட்டுக் கொடுக்க ஜாக்கி, அறுத்ததை இறக்க ஆள், இடிபாடு அள்ள வண்டி எல்லாம் சேர்த்து 5,000. ஓட்டையின் ஓரத்தைப் பலப்படுத்த இரும்பு சேனலும் வேலையும் 9,000. மேலே சுற்றிலும் கட்டுச் சுவர் எழுப்பிப் பூசித் தண்ணீர் இறங்காத பூச்சு அடிக்க 5,000. ஃப்ரேமும் கிரில்லும் 9,000. சிலிகான், ரப்பர், மாட்டுகூலி 3,000. கீழே பெயர்ந்த சீலிங்கைப் பூசி, பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க 8,000. இதற்கெல்லாம் முன்னாடி இன்ஜினியர் வந்து பார்க்க 3,000. கூட்டிப் பாருங்கள், 62,000 வரும். 'சீலிங் மட்டும் பளிச்சுனு இருக்கு, சுவர் அழுது வடியுதே' என்று வீட்டில் ஒரு குரல் எழும். அந்தச் செலவு இந்தக் கணக்கில் சேரவில்லை.

கொத்தனார் பதினைந்து என்று சொன்னது பொய்யில்லை. அவர் இன்ஜினியரை விட்டுவிட்டார். மெஷினுக்குப் பதில் பிரேக்கர். இரும்பு சேனல் இல்லை. சீலிங் வேலை 'அப்புறம் பாத்துக்கலாம்'. எல்லாவற்றையும் கழித்தால் பதினைந்து வரத்தானே செய்யும்?

கழிக்கக் கூடாதது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கான்க்ரீட்டுக்கு அமுக்கத்தைத் தாங்குகிற சக்தி உண்டு. இழுத்தால் தாங்காது. அந்த இழுவையைத் தாங்கத்தான் அடிப்பக்கத்தில் கம்பி கட்டுகிறார்கள். ஓட்டை போடும்போது அந்தக் கம்பிகளைத்தான் அறுக்கிறீர்கள். அறுந்த கம்பி சுமந்த பாரத்தை ஓரத்தில் இருப்பவை சுமந்தாக வேண்டும். அதற்குத்தான் அந்த 9,000 ரூபாய் சேனல். பீமை ஒட்டியோ தூணை ஒட்டியோ ஓட்டை கூடவே கூடாது. சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிலாபில் கை வைக்கவே வைக்காதீர்கள். அதில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். எங்கே எந்தக் கம்பி போகிறது என்று பார்க்க ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். இன்ஜினியருக்குக் கொடுக்கும் மூவாயிரம் இந்த மொத்தச் செலவில் ரொம்ப மலிவான அயிட்டம்.

அறுத்தெடுக்கும் துண்டு எவ்வளவு கனம் தெரியுமா? 3-க்கு 4, 5 அங்குலம். ஏறக்குறைய 350 கிலோ. ஏழு மூட்டை சிமென்ட் உங்கள் சோபாவுக்கு மேலே ஊஞ்சலாடுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். முட்டுக் கொடுக்காமல், துண்டு துண்டாக அறுக்காமல் ஒரே வீச்சில் இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்கு சோபா மேல் கோபம் என்று அர்த்தம். பிரேக்கர் வைத்து உடைத்தால் செலவு மூவாயிரம், நாலாயிரத்தில் முடியும். நிஜம்தான். ஆனால் அந்த உதறலில் சுற்றுப்பட்ட பூச்சு முழுக்க விரிசல் விடும். வீடு பழசாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிடுவார்.

மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தேக்கு உத்தரம், அதன் மேல் சாய்வாக அடுக்கின சின்னச் செங்கல், சுண்ணாம்புக் கலவை என்று கட்டிய கூரை அது. அதில் கல்லும் கலவையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. நடுவில் உருவினால் எதுவரை சரியும் என்று சொல்ல முடியாது. இரண்டு உத்தரத்துக்கு நடுவில் ஒடுக்கமாகச் செய்யலாம். செய்கிறவர், அந்தக் கூரையில் வேலை பார்த்த பழைய ஆளாக இருக்க வேண்டும்.

கண்ணாடி விஷயம் கொஞ்சம் விலாவாரியாகப் பேச வேண்டியது. உங்கள் கார், அல்லது ஆபீஸ் கேப், முன்பக்கக் கண்ணாடியில் கல் பட்டால் என்ன ஆகிறது? சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும், ஆனால் இடத்தை விட்டு விழாது. அது லாமினேட்டட். நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டுக் கண்ணாடியில் பட்டால் பொலபொலவென்று கல்கண்டு மாதிரி கொட்டும். அது டஃபண்ட். தலைக்கு மேலே வைக்க எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். டஃபண்ட் பலமானதுதான். ஆனால் அபூர்வமாக, தயாரிக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு தூசியளவு நிக்கல் சல்ஃபைடு, எவனும் தொடாமலே ஒருநாள் அதை வெடிக்க வைக்கும். அது நிகழும்போது கீழே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது. லாமினேட்டட்டுக்குச் சதுர அடிக்கு 200 ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். ஒரு அவசர எச்சரிக்கை. டஃபன் பண்ணின கண்ணாடியை அப்புறம் வெட்டவோ துளைக்கவோ முடியாது, கை வைத்தால் நொறுங்கும். கொத்தனார் கட்டிய சுவர் நாலு மூலையும் சதுரமாக இருக்கிறதா என்று குறுக்கே டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

"பாலிகார்பனேட் போட்டா பாதி விலைதானே?" ஆமாம். கார் பார்க்கிங்குக்கு மேலே போடுங்கள், அமர்க்களமாக இருக்கும். ஹாலுக்கு மேலே யோசியுங்கள். வெயிலில் விரியும், மேகம் மறைத்தால் சுருங்கும். டொக், டொக் என்று சத்தம் வரும். மாமியார் பேய் என்பார். திருகு மாட்டும் துளை பெரிசாக இல்லாவிட்டால் அங்கேயே விரிசல் விடும். மழை பெய்தால் டி.வி. கேட்காது. உள்ளே குழாய் குழாயாக இருக்கும் ஷீட்டில் இரண்டு முனையையும் டேப் போட்டு அடைக்காவிட்டால் பாசியும் எறும்பும் குடியேறி, கூரையில் ஒரு மிருகக்காட்சி சாலை நடக்கும். வெயிலைத் தடுக்கும் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் பேப்பரில் எந்தப் பக்கம் மேலே என்று அச்சடித்திருப்பார்கள். ஃபிட்டர் அதை முதலில் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். தலைகீழாக மாட்டினால் மஞ்சளாகிப் போகும்.

இனி மழை. ரோமில் பாந்தியன் என்று ஒரு கட்டடம். சுமார் 1,900 வருஷமாக அதன் கூரை நடுவில் 27 அடி விட்டத்துக்கு ஒரு வட்ட ஓட்டை, கண்ணாடியே இல்லாமல் திறந்து கிடக்கிறது. மழை உள்ளேதான் பெய்கிறது. தரையில் வடிகால் துளை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டு ஹாலில் துளை போட அனுமதி கிடைக்காது.

வடகிழக்குப் பருவமழையில் மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காத வீடு குறைச்சல். மழை நீர்க் குழாயை ஒரு காய்ந்த இலை அடைத்தால் போதும், அரை மணியில் மாடி குளமாகிவிடும். அதனால் ஓட்டையைச் சுற்றி மாடித் தளத்திலிருந்து ஒன்பது அங்குலமாவது உயரத்துக்கு ஒரு குட்டிச் சுவர் வேண்டும். அந்தக் குட்டிச் சுவர் இல்லாவிட்டால் வீடே குட்டிச்சுவர். கண்ணாடி சமதளமாகப் படுத்திருக்கக் கூடாது. அடிக்கு ஒரு அங்குலமாவது சாய்வு கொடுக்க வேண்டும். விளிம்பு சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் சொட்டிப் போய்விடும். உள்ளே வழி தேடாது.

சிலிகானிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ட்யூபைப் பிதுக்கினதும் புளித்த வினிகர் வாசனை அடித்தால் அது மீன் தொட்டிக்கு. சிமென்டில் சரியாகப் பிடிக்காது, இரும்பையும் அரிக்கும். வாசனை அதிகம் இல்லாத நியூட்ரல் ரகம் கேளுங்கள். ட்யூபுக்கு நூறு ரூபாய் கூட இருக்கலாம். 62,000-ல் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. எது போட்டாலும் சில வருஷத்துக்கு ஒரு தடவை சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். அது வருங்காலச் செலவு.

மாடி என்றால் மனிதர்கள் நடக்கிற இடம். அம்மா வடாம் பிழியப் போவார், பையன் பட்டம் விடப் போவான், கேபிள்காரர் செல்போனில் பேசிக்கொண்டே பின்னால் நடப்பார். தரையோடு தரையாகக் கண்ணாடி பதித்தால் மழையில் வழுக்கும். மெல்லிய ஃபைபர் ஷீட்டாக இருந்தால் கால் நேராக ஹாலுக்குள் வரும், ஆள் பின்னாலேயே வருவார். கண்ணாடிக்குக் கீழே போடும் கிரில் திருடனுக்காக மட்டுமல்ல, இப்படி வருகிற நம் ஆட்களுக்காகவும்தான். கம்பியைச் சுவருக்குள் இறக்கிப் பூச வேண்டும், நாலு ஸ்க்ரூவில் தொங்கக் கூடாது. பக்கத்தில் தென்னை மரம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். தேங்காய்க்கு லாமினேட்டட், டஃபண்ட் வித்தியாசம் தெரியாது. எதிர்வீட்டு தீபாவளி ராக்கெட்டுக்கும் தெரியாது.

இவ்வளவு செலவு இல்லாமல் ஆகாதா என்றால், ஆகும்.

ஓட்டு வீடாக இருந்தால் நீங்கள் ராஜா. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஆரம்பித்துவைத்த ஓட்டுத் தொழில், அதே அச்சில் கண்ணாடி ஓட்டையும் நமக்குக் கொடுத்திருக்கிறது. பாட்டி வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே ஒன்று இருந்திருக்கும். புகைக்கு நடுவில் ஒரு வெளிச்சத் தூண் இறங்கி நிற்குமே, அது! ஒரு ஓடு சில நூறு ரூபாய். நாலு ஓடு, ஒரு ஆள் கூலி, இரண்டாயிரம் மூவாயிரத்தில் சமையலறை விடிந்துவிடும். கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டின் காடி வித்தியாசப்படும் என்பதால் பழைய ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

தகர ஷீட், சிமென்ட் ஷீட் கூரைக்கு இன்னும் மலிவு. ஆல்ஃப்ரெடோ மோசர் என்ற பிரேசில் நாட்டு மெக்கானிக் 2002-ல் கண்டுபிடித்த உத்தி. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் தண்ணீரும் பாசி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் பிளீச்சும் ஊற்றி, பாதி மேலே பாதி கீழே நிற்கிற மாதிரி கூரையில் செருகி, சுற்றிலும் பசை வைத்து அடைத்துவிட்டார். வெயில் நேரத்தில் அது 40, 60 வாட் குண்டு பல்பு மாதிரி எரிகிறது. பிலிப்பைன்ஸில் 2011 முதல் ஒரு இயக்கமாகவே குடிசைப் பகுதிகளில் மாட்டினார்கள். செருகும்போது பலகை போட்டு அதன் மேல் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். ஷீட் ஆளைத் தாங்காது.

கான்க்ரீட் வீட்டுக்காரர்கள் ஒரு தடவை மாடிப்படி ஏறி ஹெட்ரூமைப் பாருங்கள். ஏற்கெனவே கூரையில் இருக்கிற ஓட்டை அதுதான்! நாலு பக்கமும் சுவர் வைத்து, இரும்புக் கதவு போட்டு, பழைய பேப்பரும் உடைந்த சைக்கிளும் அடுக்கி இருட்டடிப்புச் செய்திருக்கிறோம். வடக்குச் சுவரை உடைத்து கிரில்லோடு கண்ணாடி ஜன்னல், அல்லது கண்ணாடிச் செங்கல். உள்சுவர் எல்லாம் வெள்ளை. ஏழெட்டாயிரத்தில் படி வழியாக வெளிச்சம் கீழ் ஹால் வரை இறங்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் மேலே சேர்கிற சூடும் வெளியே போகும். நிறைய வீடுகளுக்கு இது ஒன்றே போதும் என்பது என் அபிப்பிராயம். பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் ஜன்னலுக்கு எதிரே கறுத்துக் கிடந்தால் அவரைக் கேட்டுக்கொண்டு உங்கள் செலவில் வெள்ளை அடித்துக் கொடுங்கள். வெளிச்சமும் கிடைக்கும், புண்ணியமும் கிடைக்கும்.

புது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். கூரை போடுகிற அன்றைக்கு சென்டரிங்கில் ஒரு மரப்பெட்டியை வைத்து, சுற்றிலும் கூடுதலாகக் கம்பி கட்டச் சொன்னால் அறுப்பு இல்லை, முட்டு இல்லை, இடிபாடு இல்லை. அதே ஸ்கைலைட் ஏறத்தாழ 30,000-ல் முடிந்துவிடும். பிளானில் குறிக்காமல், கான்க்ரீட் மிக்ஸர் சத்தத்துக்கு நடுவில் வாயால் சொன்னால் மேஸ்திரி தலையாட்டுவார். பெட்டி இருக்காது.

ஃபிளாட்டில் கடைசி மாடி வாங்கினவர்கள் ஆசைப்பட வேண்டாம். மொட்டை மாடி உங்களுடையது இல்லை, எல்லாருக்கும் பொது. பிளாஸ்டிக் நாற்காலிக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினால் தண்ணீர் லாரிப் பிரச்னை மறந்துபோய் எல்லாரும் உங்கள் மேல் பாய்வார்கள்.

தனி வீட்டிலும் ஒரு கேள்வி பாக்கி. மேலே இன்னொரு மாடி கட்டும் உத்தேசம் இருக்கிறதா? நடு ஹாலில் நீங்கள் திறக்கிற ஓட்டை, தம்பியின் வருங்கால பெட்ரூமின் நடு மையம். 'கீழே உனக்கு, மேலே அவனுக்கு' என்று அப்பா வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருக்கும் குடும்பங்களில், ஸ்கைலைட் என்பது தம்பியைக் கேட்காமல் அவன் தரையில் போட்ட ஓட்டை. முதலில் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். நடுவில் போடுவதைப் பின்சுவரை ஒட்டி நகர்த்தி, பின்னாளில் மேல்மாடி வழியாகவும் அதே நேர்கோட்டில் திறந்தவெளியாக விட்டுக்கொள்ளலாம் என்றால் இரண்டு வீட்டுக்கும் வெளிச்சம் வரும். வாஸ்துக்காரர் நடுவில்தான் வேண்டும் என்பார். மூவாயிரம் வாங்கின இன்ஜினியர் சொல்வதைக் கேளுங்கள்.

கடைசியாக, எப்போது? தை பிறந்து பங்குனி முடிவதற்குள். மழை பயம் இல்லை, ஆள் கிடைப்பார்கள். வேலை முடிந்ததும் ஹோஸ் பைப்பைக் கண்ணாடி மேல் அரை மணி திறந்துவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். அப்புறம் மாடித் தண்ணீர்க் குழாயைத் துணி வைத்து அடைத்து, சுவரைச் சுற்றி நாலு அங்குலம் தண்ணீர் ஒரு ராத்திரி தேங்கட்டும். காலையில் சீலிங் ஓரம் கையால் தடவிப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் பணம் கொடுங்கள். முழுசாக இல்லை. ஐயாயிரம் பாக்கி வையுங்கள்.

"என்ன ஸார், நம்பிக்கை இல்லையா? மழை வரட்டும், ஒரு சொட்டு ஒழுகினாலும் நானே வந்து பாக்கறேன்" என்பார் மேஸ்திரி.

"ஒழுகாட்டாலும் வாங்க மேஸ்திரி. ஐப்பசியில வந்து ஐயாயிரத்தை வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி ஒரு காபி கொடுத்து அனுப்புங்கள்.